கடலூர்க் கற்களும் எண்ணெயும்: ஒரு பள்ளிச் சோதனையைச் சரியாகச் செய்வது எப்படி?

மாவட்ட அறிவியல் கண்காட்சிக்காகக் கடலூரில் உங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் நான்கு பொருள்களை எடுத்திருக்கிறார்கள்: கேப்பர் மலைப் பக்கத்து மணற்கல், வழுதாவூர்ப் பக்கம் கிடைத்த சுண்ணாம்புக்கல், கருங்கல் ஜல்லி, நாட்டுச் செங்கல். ஒவ்வொன்றையும் எடைபோட்டு, நல்லெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, துடைத்து, மறுபடியும் எடைபோட்டதில் செங்கல் முதலிலும், மணற்கல் அடுத்தும், சுண்ணாம்புக்கல் அதற்கடுத்தும் வந்தன. கருங்கல்லின் எடை மிகச் சிறிதளவே கூடியது. இதைக் கொண்டு, "எந்தப் பாறை அதிக எண்ணெயை உறிஞ்சுகிறதோ அந்தப் பாறை உள்ள இடத்தில் கச்சா எண்ணெய் கிடைக்கும்" என்று முடிவெழுதலாமா என்றும், நல்லெண்ணெய்க்குப் பதிலாக உண்மையான கச்சா எண்ணெயைப் பயன்படுத்த வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். கச்சா எண்ணெய் வேண்டாம். அதில் பென்சீன் போன்ற நச்சுப் பொருள்கள் உண்டு. சில வகைகளில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் இருக்கும். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். எண்ணெய்க் கிணறுகள் உள்ள புவனகிரிப் பக்கமோ நரிமணம் பக்கமோ தெரிந்தவர் மூலம் ஒரு புட்டி வாங்கிவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெயும் டீசலும்கூட வகுப்பறைக்கு ஏற்றவை அல்ல. கச்சா எண்ணெய் என்பது ஒரே தன்மையுள்ள பொருளும் அன்று. சில வயல்களில் அது மண்ணெண்ணெய் போல ஓடும், சில வயல்களில் தார் போல இறுகி நிற்கும். அதன் அடர்த்தி பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 0.8 கிராம் முதல் 0.95 கிராம் வரை இருக்கும். நல்லெண்ணெயின் அடர்த்தியான 0.92 இந்த எல்லைக்குள்தான் வருகிறது. எண்ணெய் கல்லுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கண்ணால் பார்ப்பதற்கு, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வேம்பாளம்பட்டையை அதில் ஊறவையுங்கள். அதன் சிவப்புச் சாயம் எண்ணெயில் நன்றாக இறங்கும், நீரில் கரையாது. பின்னால் சொல்லப்போகும் சோதனைக்கு இந்தக் குணம் தேவைப்படும்.

முதல் கேள்விக்கு விடை, அப்படி எழுதக் கூடாது என்பதே. மாணவர்கள் அளந்தது பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. அவர்கள் அளந்தது உலர்ந்த கல்லுக்குள் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதை மட்டுமே. பூமிக்கு அடியில் எந்தப் பாறையும் உலர்ந்து கிடப்பதில்லை. மணல் கடலடியிலோ ஆற்றுப் படுகையிலோ படிந்த நாளிலிருந்தே அதன் துளைகளில் நீர் நிறைந்திருக்கிறது; எண்ணெய் வெகு காலத்துக்குப் பிறகு வந்து, அந்த நீரைத் தள்ளிக்கொண்டுதான் இடம் பிடிக்கிறது. ஆகவே எவ்வளவு இடம் இருக்கிறது, அந்த இடத்துக்குள் திரவம் எவ்வளவு வேகமாக நகர முடிகிறது, நீரும் எண்ணெயும் ஒரே துளைக்குப் போட்டியிடும்போது கல் எதன் பக்கம் சாய்கிறது என்ற மூன்றையும் தனித்தனியாக அளந்தால்தான் இந்தச் சோதனை கச்சா எண்ணெயைப் பற்றியதாகும். இப்போது உங்களிடம் இருப்பது முதலாவது மட்டும். அதிலும் சில திருத்தங்கள் தேவை.

எடை கூடுதலை வைத்துக் கற்களை ஒப்பிடுவது சரியன்று. நூறு கிராம் கருங்கல் சுமார் 37 மில்லிலிட்டர் இடத்தை அடைக்கும். நூறு கிராம் மணற்கல் அதைவிடக் கணிசமான பருமன் உடையது. ஒப்பிட வேண்டியது, கல்லின் மொத்தப் பருமனில் எண்ணெய் புகுந்த இடம் எத்தனை விழுக்காடு என்பதையே. இதைத்தான் நுண்துளைத்தன்மை என்கிறோம். கோணலான கல்லின் பருமனை அளவுகோலால் அளக்க முடியாது என்பதால் ஆர்க்கிமிடீஸ் முறையைப் பயன்படுத்துங்கள். எண்ணெய் உள்ள பீக்கரை மின்னணுத் தராசில் வைத்து அளவைச் சுழியாக்குங்கள். முழுக்க ஊறிய கல்லை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் எண்ணெயில் முழுகும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எடையை எண்ணெயின் அடர்த்தியால் வகுத்தால் கல்லின் பருமன் கிடைக்கும். விளக்கத்துக்காக ஒரு கணக்கு: உலர்ந்த எடை 100 கிராம், ஊறிய பின் 109.2 கிராம், தொங்கவிட்டபோது தராசு காட்டியது 44.2 கிராம் என்று கொள்வோம். உள்ளே போன எண்ணெய் 9.2 கிராம், அதாவது 10 மில்லிலிட்டர்; கல்லின் பருமன் 48 மில்லிலிட்டர்; நுண்துளைத்தன்மை ஏறத்தாழ 21 விழுக்காடு. எண்ணெய் வயல்களில் நல்லது என்று கருதப்படும் மணற்கற்கள் இந்த அளவை ஒட்டியே இருக்கும். உடையாத கருங்கல்லில் இது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

அந்தக் கருங்கல்லின் சிறு எடை கூடுதலைப் பற்றியும் ஒரு சொல். அது கல்லுக்குள் போன எண்ணெயாக இல்லாமல், துடைத்த பிறகும் மேற்பரப்பில் ஒட்டிநின்ற மெல்லிய படலமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேலே சொன்ன அளவுள்ள ஒரு கல்லின் மேற்பரப்பு சுமார் 80 சதுர சென்டிமீட்டர் என்றால், 0.02 மில்லிமீட்டர் தடிப்புள்ள படலம்கூட 0.15 கிராம் எடையைக் கூட்டிவிடும். இதைக் கழிப்பதற்கு எளிய வழி, எதையும் உறிஞ்சாத கண்ணாடிக் கோலிக்குண்டுகளையோ இரும்பு போல்ட்டையோ அதே எண்ணெயில் முக்கி, அதே துணியால் அதே விதமாகத் துடைத்து எடைபோடுவது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு படலம் ஒட்டுகிறது என்று தெரிந்தால், எல்லாக் கற்களிலும் அதைக் கழித்துவிடலாம். கண்காட்சிக்கு வரும் நடுவர்கள் இந்த ஒரு கழித்தலைக் கண்டாலே மாணவர்களின் கவனத்தைப் புரிந்துகொள்வார்கள்.

இன்னொரு பிழை எடைபோடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. கடலூர்க் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் கிடந்த கல் ஏற்கெனவே ஓரளவு நீரைக் கொண்டிருக்கும். ஆய்வகத்தில் வெப்ப அடுப்பு இருந்தால் 105 டிகிரியில் காயவைத்து, எடை மாறாத நிலை வரும்வரை திரும்பத் திரும்ப எடைபோட வேண்டும். அடுப்பு இல்லையென்றால் மொட்டைமாடி வெயிலில் பல நாள் காயவைத்து, மூடிய எவர்சில்வர் டப்பாவில் ஆறவிட்டு உடனே எடைபோடலாம். ஊறவைக்கும்போது கல்லை ஒரேயடியாக முழுகடிக்காதீர்கள். நாலாபுறமிருந்தும் எண்ணெய் நுழைந்தால் நடுவில் காற்று வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்ளும். முதலில் அடிப்பகுதி மட்டும் எண்ணெயில் நிற்கட்டும்; சிவப்பு நிறம் மேலே ஏறி வந்த பிறகு முழுகவிடுங்கள்.

கேப்பர் மலை மணற்கல்லைப் பற்றி ஒரு தனி எச்சரிக்கை. நிலவியலார் கடலூர் மணற்கல் என்று குறிப்பிடும் இந்தப் பாறை உறுதியானதன்று. பருமணலும் சிறுமணலும் களிமண்ணும் இரும்புத் துருவும் கலந்து அரைகுறையாக இறுகியது. திரவத்தில் ஊறினால், குறிப்பாக நீரில் ஊறினால், மணிகள் உதிரும். உதிர்ந்த மணலையும் வடிகட்டிக் காயவைத்து எடைபோட்டுக் கணக்கில் சேர்க்காவிட்டால் விடை குறைவாக வரும். மாணவர்கள் ஆர்வத்தில் திருவக்கரைக் கல்மரங்களையும் சேர்க்கலாம் என்று சொன்னால் தடுத்துவிடுங்கள். இதே மணற்கல்லில் புதைந்து சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லான மரங்கள் அவை. பாதுகாக்கப்பட்ட தேசியப் புவியியல் நினைவுச்சின்னத்திலிருந்து ஒரு துண்டைக்கூட எடுக்கக் கூடாது. சோதனைக்கும் அவை அவ்வளவாக உதவா. மரத்தின் துளைகளையெல்லாம் சிலிக்கா அடைத்துவிட்டதால்தான் அவை கல்லாயின.

இனி வேகம். நுண்துளைத்தன்மை ஒன்றாகவே இருந்தாலும், திரவம் நகரும் வேகம் முற்றிலும் வேறாக இருக்கலாம் என்பதைக் கல் இல்லாமலே காட்டலாம். ஒரே அளவுள்ள உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கினால் இடைவெளி 47.6 விழுக்காடு, மிக நெருக்கமாக அடுக்கினால் சுமார் 26 விழுக்காடு. உருண்டை பெரிதா சிறிதா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. சலித்தெடுத்த தென்பெண்ணையாற்றுப் பருமணலையும் தேவனாம்பட்டினம் கடற்கரையின் மென்மணலையும் ஒரே அளவுள்ள இரண்டு ஜாடிகளில் தட்டி நிரப்பி, எவ்வளவு நீர் கொள்கின்றன என்று பார்த்தால் இரண்டும் அவ்வளவாக வேறுபடாது. அடியில் துணி கட்டிய குழாய்களில் அதே மணல்களை நிரப்பி மேலிருந்து நீரை ஊற்றினால், பருமணலில் அது சரசரவென்று இறங்கும், மென்மணலில் தயங்கித் தயங்கி இறங்கும். மணியின் விட்டம் பாதியானால், திரவத்தைத் தன் வழியே போகவிடும் தன்மையான ஊடுருவு திறன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. பிரான்சின் திஜோன் நகரக் குடிநீருக்காக மணல் வடிகட்டிகளை ஆராய்ந்த ஹென்றி தார்சி, நீர் மணலூடே பாயும் வேகத்தைப் பற்றி 1856-இல் வெளியிட்ட விதியே இன்றும் எண்ணெய்ப் பொறியாளர்களின் அடிப்படைக் கணக்காக இருக்கிறது. ஊடுருவு திறனின் அலகுக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஓர் இரவு என்ற கால அளவும் இங்கேதான் கேள்விக்குள்ளாகிறது. உலர்ந்த கல்லுக்குள் திரவத்தை இழுப்பது நுண்புழை விசை. 1921-இல் வாஷ்பர்ன் வெளியிட்ட சமன்பாட்டின்படி, திரவம் முன்னேறிய தூரத்தின் இருமடி, நேரத்துக்கும் துளையின் ஆரத்துக்கும் பரப்பு இழுவிசைக்கும் நேர்விகிதத்திலும், திரவத்தின் பாகுநிலைக்கு, அதாவது அதன் பிசுபிசுப்புக்கு, எதிர்விகிதத்திலும் இருக்கும். நல்லெண்ணெயின் பரப்பு இழுவிசை நீருடையதில் பாதிக்கும் குறைவு. பாகுநிலையோ நம் ஊர் வெப்பநிலையில் நீரைப்போல் ஐம்பது மடங்குக்கும் மேல். இரண்டும் சேர்ந்து, ஒரே கல்லில் நீர் ஒரு நிமிடத்தில் ஏறும் உயரத்துக்கு எண்ணெய் ஏற நூறு நிமிடங்களுக்கும் மேல் ஆகிவிடுகிறது. எனவே மறுநாள் காலையில் எடைபோட்டபோது செங்கல் முழுமையாக நிறைந்திருக்கலாம், சுண்ணாம்புக்கல் பாதி வழியில் இருந்திருக்கலாம். சுண்ணாம்புக்கல் மூன்றாமிடத்துக்கு வந்ததற்கு அதன் இடக்குறைவுதான் காரணமா, அதன் துளைகள் நுண்ணியவையாக இருந்து நேரம் போதாமல் போனதுதான் காரணமா என்று இப்போதுள்ள அளவீட்டிலிருந்து சொல்ல முடியாது. முதல் ஒரு மணி நேரத்தில் அடிக்கடியும், பிறகு நேரம் விட்டு விட்டும் எடைபோட்டு, எடை கூடுதலை நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைபடமாக வரையச் சொல்லுங்கள். தொடக்கத்தில் ஏறத்தாழ நேர்கோடாக ஏறிப் பிறகு படுத்துவிடும் வரைபடம் கிடைக்கும். கோட்டின் சாய்வு வேகத்தையும், அது படுக்கும் உயரம் இடத்தையும் காட்டும். வெயிலில் எண்ணெய் இளகிவிடும் என்பதால் எல்லாக் கற்களையும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது பகுதிதான் இந்தச் சோதனையின் உயிர். ஒரே கல்லிலிருந்து உடைத்த இரண்டு மணற்கல் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் துண்டை நீரில் நன்றாக ஊறவைத்த பிறகு, சிவப்பு எண்ணெயில் இடுங்கள். அடுத்த நாள் எடுத்துச் சுத்தியலால் உடைத்தால், சிவப்பு நிறம் பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றிருக்கும். உலர்ந்த நிலையில் எண்ணெயைத் தாராளமாக ஏற்ற அதே கல், நீர் முன்னே வந்து உட்கார்ந்துவிட்டதால் எண்ணெயை உள்ளே விடுவதில்லை. இங்கே தராசை மட்டும் நம்பினால் குழப்பம் வரும் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்: எண்ணெய் நீரைவிட இலேசானது, ஆகவே எண்ணெய் நீரைத் தள்ளிவிட்டு நுழைந்திருந்தால் கல்லின் எடை கூடாது, குறையும்.

இரண்டாவது துண்டை உலர்ந்த நிலையில் சிவப்பு எண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, கண்ணாடி ஜாடியில் உள்ள நீரின் அடியில் வையுங்கள். அதன்மேல் ஒரு புனலைக் கவிழ்த்து, புனலின் காம்பின்மேல் நீர் நிரம்பிய சோதனைக்குழாயைக் கவிழ்த்துவிடுங்கள். ஹைட்ரில்லா செடியிலிருந்து ஆக்சிஜன் வெளியேறுவதைக் காட்ட எல்லாப் பள்ளிகளிலும் செய்யும் அதே அமைப்புத்தான். சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள் கல்லின் மேல் சிவப்புத் துளிகள் அரும்பி, பெருத்து, பிரிந்து மேலே போய்ச் சோதனைக்குழாயின் உச்சியில் சேரும். மணற்கல்லில் உள்ள குவார்ட்சு மணிகளின் பரப்பில் எண்ணெயைவிட நீர் நன்றாகப் படர்வதால், நீர் சிறு துளைகள் வழியே உள்ளே புகுந்து எண்ணெயைப் பெரிய துளைகள் வழியே வெளியே தள்ளுகிறது. எண்ணெய் நிறுவனங்களின் ஆய்வகங்களில் பாறை நீரின் பக்கமா எண்ணெயின் பக்கமா என்று தீர்மானிக்க ஏமட் என்பவர் 1959-இல் வகுத்த சோதனையின் ஒரு பகுதி சாராம்சத்தில் இதுவே. உள்ளே போன எண்ணெயில் எவ்வளவு திரும்பி வந்தது என்று அளந்து, விழுக்காடாக எழுதச் சொல்லுங்கள். முழுவதும் வராது, நீர் சூழ்ந்துகொண்டதால் துண்டுபட்ட எண்ணெய்த் திட்டுகள் துளைகளிலேயே சிறைப்பட்டுவிடும். உலகின் எண்ணெய் வயல்களில் பாறையில் உள்ள எண்ணெயில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு அளவே மேலே வருவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இதே சோதனையைச் சுண்ணாம்புக்கல்லிலும் செய்தால் திரும்பி வரும் பங்கு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். தாவர எண்ணெய்களில் சிறிதளவு உள்ள கொழுப்பு அமிலங்கள் கால்சியம் கார்பனேட்டின் பரப்பில் ஒட்டிக்கொண்டு, கல்லை எண்ணெயின் பக்கம் சாய்த்துவிடும். கச்சா எண்ணெயில் உள்ள அமிலங்களும் அஸ்பால்டீன்கள் என்னும் கனமான தார்ப் பொருள்களும் சுண்ணாம்புப் பாறைகளில் செய்வதும் ஏறக்குறைய இதுவே. எண்ணெயில் ஒரு நாள் ஊறிய துண்டுக்கும் பல வாரங்கள் ஊறிய துண்டுக்கும் வேறுபாடு இருக்கிறதா என்று பார்ப்பது, நேரம் இருந்தால், நல்ல துணைக் கேள்வி.

இவற்றை வைத்துக்கொண்டு உங்கள் மாணவர்களின் முடிவுரைக்கு வரலாம். கடலூர் மணற்கல்லில் நிறைய இடம் இருப்பது உண்மை. அந்த இடத்தில் நிறைந்திருப்பது நிலத்தடி நீர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை வெட்டுவதற்காக, அதற்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரை ஓயாமல் இறைக்க வேண்டியிருப்பதற்கும் இத்தகைய மணல் அடுக்குகளே காரணம். இடம் இருப்பதால் எண்ணெய் வந்துவிடாது. உயிர்ப்பொருள் செறிந்த களிப்பாறை ஆழத்தில் புதைந்து, சுமார் 60 முதல் 120 டிகிரி வெப்பத்தில் நெடுங்காலம் இருந்து எண்ணெயை உண்டாக்க வேண்டும். அந்த எண்ணெய் நீரைவிட இலேசாக இருப்பதால் மேல்நோக்கி நகர்ந்து துளையுள்ள பாறைக்குள் வர வேண்டும். அதற்கு மேல் எண்ணெயைக் கசியவிடாத மற்றொரு பாறை மூடியாக இருக்க வேண்டும். காவிரிப் படுகையின் நிலவியல் அடுக்குகளில் நம் ஊர்ப் பெயர்கள் இருப்பதை மாணவர்கள் அறிந்தால் மகிழ்வார்கள். எண்ணெயைத் தரும் மூலப் பாறைகளுள் ஒன்று சாத்தப்பாடி களிப்பாறை. அதன்மேல் படிந்தது புவனகிரி மணற்கல். இன்னும் மேலே, பரங்கிப்பேட்டையின் பழைய பெயரால் அழைக்கப்படும் போர்ட்டோ நோவோ களிப்பாறை. இவையெல்லாம் டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தவை, கடலூர் மணற்கல்லைவிடப் பன்மடங்கு பழையவை, வெகு ஆழத்தில் இருப்பவை. களிப்பாறையிலும் துளைகள் இருக்கின்றன. அவை மிக நுண்ணியவை என்பதால் அதுவே மூடியாக நிற்க முடிகிறது. காய்ந்த குயவர் களிமண் துண்டு ஒன்றை உங்கள் வரிசையில் சேர்த்தால், இடம் இருந்தும் வேகம் இல்லாத பொருளை மாணவர்கள் நேரில் பார்க்கலாம்.

கடைசி இடத்தில் வந்த கருங்கல்லையும் தள்ளிவிடாதீர்கள். நம் கரைக்கு அப்பால் கடலடியில் உள்ள பி.ஒய்.-1 என்னும் வயலில் இயற்கை எரிவாயு கிடைத்தது மணற்கல்லிலிருந்து அன்று, கருங்கல் வகையான கிரானைட்டால் ஆன, வெடிப்புகள் நிறைந்த அடித்தளப் பாறையிலிருந்து. இடமும் வழியும் மணிகளுக்கு நடுவில் இல்லாவிட்டாலும், பாறை நொறுங்கிய வெடிப்புகளில் இருக்க முடியும். இதைக் காட்டுவதற்கு ஒரு கருங்கல் துண்டை இரண்டாக உடைத்து, பாதிகளைப் பழையபடி பொருத்திக் கம்பியால் இறுக்கிக் கட்டி, வெடிப்பு நேராக நிற்கும்படி சிவப்பு எண்ணெயில் அடிப்பகுதியை மட்டும் நிறுத்துங்கள். பக்கத்தில் உடையாத துண்டு ஒன்றும் நிற்கட்டும். பிறகு கட்டை அவிழ்த்துப் பிரித்துப் பார்த்தால், வெடிப்பின் இரு முகங்களிலும் எண்ணெய் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பதை அளவுகோலை வைத்தே அளந்துவிடலாம்.